எட்டுப் பாட்டு, நான்கு பஸ்

மார்ச் 5, புதன்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு, ஃபாதர் உடை மாற்றும் சாக்ரிஸ்டி வாசலில் நின்று சண்டை போடுவது முறையல்ல என்று தெரியும். போட்டேன்.

பெரிய வியாழன் மாலை கோயில் மணியை நிறுத்தினால் சனிக்கிழமை இரவு வரை மணியும் கிடையாது, ஆர்மோனியமும் கிடையாது. மனிதக் குரல் மட்டுமே. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட முற்றத்தில் மூன்று மணி நேரம் வரிசை நிற்கும். அவ்வளவு நேரம் பாடற்குழுவால் பாட முடியாது. அதனால் போன வருஷம் எட்டுப் பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். ஆண்கள் பாடியது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பெண்கள் பாடியது வரவே இல்லை.

"இந்த வருஷம் ஸ்டூடியோவில் நானே உட்காரப் போறேன், ஃபாதர்" என்றேன்.

"டீச்சர், அது டெக்னிக்கல் வேலை. மந்திரமூர்த்தி பாத்துக்கிடுவாரு. உங்களுக்கு எழுபத்தொண்ணு ஆகுது. எதுக்குச் சிரமம்?"

"பாட்டைச் சொல்லிக் கொடுத்தது நான். அது எப்படிக் கேக்கணும்னு சொல்ல வேண்டியதும் நான்தான்."

ஃபாதர் ராயப்பன் நல்ல மனிதர். சுற்றி வளைத்துத்தான் பேசுவார். பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறுக்குள் முடியாவிட்டால் பதிவைத் திருநெல்வேலி ஸ்டூடியோ ஒன்றுக்குக் கொடுத்துவிடுவாராம். பாடற்குழுவையும் டெல்ஃபினிடம் கொடுத்துவிட்டு நான் ஓய்வெடுக்கலாமே என்று கோயிலின் பங்குப் பேரவையில் ஒரு பேச்சு இருக்கிறதாம். முப்பத்தொரு வருஷமாக நான் நடத்தும் குழு. டெல்ஃபின் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல சோப்ரானோ, பெண்களின் மேல்குரல். அவ்வளவுதான்.

குக்கர் கெட்டுவிட்டது. விசில் வரவில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

மார்ச் 8, சனி

பங்கு மண்டபத்தில் பதிவு. பதினாறு பேர், ஆளுக்கொரு மைக். போன வருஷம் நான்கே மைக் வைத்துக் கெடுத்தார்கள்.

இரண்டாம் பாட்டில், ஆண்களின் மேல்குரலான டெனரில் ஒருவன் முந்திவிட்டான். பாட்டு முடிந்ததும் அவனே எழுந்து நின்றான். இது என் குழுவின் சட்டம். கான்வென்ட்டில் மதர் ஜெனிவீவிடம் கற்றது. தவறியவரை யாரும் சுட்டிக்காட்டக் கூடாது. அவரே எழுந்து நிற்க வேண்டும். நடத்துபவர் 'உட்கார்' என்றதும் உட்கார வேண்டும். அதோடு அந்தத் தவறு முடிந்துவிடும், பிறகு பேச்சே கிடையாது. கிழவர்களும் நின்றிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கஸ்பாரே நின்றிருக்கிறார்.

கடைசி வரிசையில் அவர் நின்ற இடம், அவர் இறந்த பிறகு, இன்னும் காலி. அங்கே நின்றுகொண்டு பாட்டுக்கு நடுவில் அடிக்கடி வலது புருவத்தைச் சொறிவார். எத்தனையோ முறை கண்டித்தேன். ஒரு விஷயம் மட்டும் வேடிக்கை. அவர் சொறியும்போதெல்லாம் என் கை தானாகவே சோப்ரானோக்களை அடக்கிவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

மந்திரமூர்த்தியின் ஸ்டூடியோ ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. கொடை விழாப் பாட்டுகள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் இங்கேதான் தயாராகின்றன. ஐம்பது வயதிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். நான் உள்ளே வந்ததும் இறக்கிவிட்டார். மரியாதை தெரிந்தவர்.

ஒவ்வொரு குரலையும் தனியாக ஓடவிட்டுத் திருத்தினோம். ரொசாலியாவின் குரலில் மூக்கடைப்பு, குறைத்தோம். ரொசாலியா கஸ்பாரின் தங்கை, அறுபத்தாறு வயது, பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ, பக்கத்து வீடு. டெல்ஃபின் குரலுக்கு வெளிச்சம் போதவில்லை, ஏற்றினோம். இன்றைக்கு ஏழு குரல்.

மார்ச் 14, வெள்ளி

பதினாறும் முடிந்தன. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் கண்ணாடி. சேர்த்து ஓடவிட்டோம். சந்தை.

மந்திரமூர்த்தி தாடையைத் தடவினார். "தப்பா எடுத்துக்கிடாதீய டீச்சர். பதினாறு பேரையும் தனித்தனியாத் திருத்திட்டீய. இப்ப பதினாறு பேரும் தனித்தனியாத்தான் நிக்காங்க."

பிறகு அவர் வழியில் செய்து காட்டினார். சோப்ரானோ நால்வரின் குரலையும் ஒரே பாதையில் சேர்த்து அனுப்புகிறார். அந்தப் பாதைக்குப் பஸ் என்று பெயர். ஆல்டோவுக்கு ஒன்று, டெனருக்கு ஒன்று, ஆண்களின் கனத்த பாஸுக்கு ஒன்று, ஆக நான்கு. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஓர் ஈக்வலைசர். இடது பக்கம் கனமான ஒலி, வலது பக்கம் கூர்மையான ஒலி. எந்த இடத்தை வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். ஒன்றைத் திருப்பினால் நான்கு பேரும் சேர்ந்தே மாறுகிறார்கள். தனித்தனியாக நான் செய்த திருத்தங்களில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார். என் மூன்று நாள் வேலை போயிற்று.

"கூட்டுறதுக்கு முந்தி குறைச்சுப் பாருங்க. ஒரு கூட்டம் கேக்கலைன்னா இன்னொரு கூட்டம் அதும்மேல உக்காந்திருக்குன்னு அர்த்தம்" என்றார்.

படிக்காத மனிதர் இவ்வளவு சரியாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சரி.

வீட்டில் ரொசாலியாவிடம் சொன்னேன். "நாலு பஸ் போட்டும் உங்களுக்குக் கூட்டம் அடங்கலியா மைனி?" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

குக்கருக்குப் புது வெயிட் வாங்கினேன். அதுவும் விசில் அடிக்கவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கஸ்பார் இருந்தவரை வீட்டில் எல்லாவற்றுக்கும் அறிவிப்பு உண்டு. "பெல் அடிக்குது ஹில்டா." "குக்கர் மூணு விட்டாச்சு." "பால்காரன் கூப்பிடுதான்." எனக்கும் காது இருக்கிறது என்பேன். சிரிப்பார். துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கப்பல் வரவை அறிவித்துக்கொண்டிருந்தவர். அந்தப் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

முற்றத்தில் அணில்கள் ஓடுகின்றன. கத்துவதில்லை. வெயிலின் சோர்வாக இருக்கும்.

மார்ச் 20, வியாழன்

இன்றைக்கு நான் வென்றேன்.

ஆல்டோக்கள் எவ்வளவு ஏற்றினாலும் அமுங்கிப் போனார்கள். கண்ணை மூடிக் கேட்டேன். டெனர் குரல்களின் அடிப்பாகத்தில் ஒரு மந்தம், ஈரச் சாக்கு மாதிரி. அது ஆல்டோக்களின் மேல் கிடந்தது. "டெனர் பஸ்ஸில் இந்த இடத்தைக் குறைங்க" என்றேன். குறைத்தார். நான்கு ஆல்டோக்களும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். யாரையும் ஏற்றவே இல்லை.

மந்திரமூர்த்தி மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டார். "இது எனக்குப் பிடிபட்டிருக்காது டீச்சர்." எழுதி வைக்கிறேன், அவர் வாயால் சொன்னது.

அடுத்து சோப்ரானோ பஸ். 'சிலுவை' என்ற சொல்லில் முதல் எழுத்தே இல்லை. 'இலுவை' என்று பாடுகிறார்கள். இந்தக் காலத்துப் பெண்கள் ச-வை விழுங்கிவிடுகிறார்கள். வலது பக்கத்தை ஏற்றச் சொன்னேன்.

"போதும் டீச்சர்."

"இன்னும்."

"டீச்சர், கோயில் முற்றத்துல கூம்பு ஸ்பீக்கரு. அதுவே கொஞ்சம் கத்தும்."

"இன்னும், மூர்த்தி."

ஏற்றினார். பிறகு ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து கழற்றிவிட்டார். வேலை நடக்கும்போது கழற்றுவது ஒழுங்கல்ல என்றேன். மாட்டிக்கொண்டார்.

மார்ச் 24, திங்கள்

பயிற்சி. எல்லார் முன்னும் டெல்ஃபினை நிறுத்தி 'சிலுவை' என்று இருபது முறை சொல்ல வைத்தேன். இருபது முறையும் இலுவைதான்.

"நான் சொல்லத்தானே செய்யுதேன் டீச்சர்" என்றாள். கண் கலங்கியிருந்தது. மதர் ஜெனிவீவ் என்னை நாற்பது முறை சொல்ல வைத்தார். நான் அழவில்லை.

மார்ச் 29, சனி

மண்டபத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினோம். பதினாறு பேர், ஃபாதர், மந்திரமூர்த்தி, கூம்பு ஸ்பீக்கர்.

முதல் பாட்டில் ஆண்கள் மட்டும். ஃபாதர் தலையசைத்தார். இரண்டாவதில் ஆல்டோக்கள் சேர்ந்தார்கள். யாரோ 'ஆகா' என்றார்கள். மூன்றாவதில் சோப்ரானோ.

முதல் 'சிலுவை'யிலேயே ஃபாதரின் தோள் உயர்ந்தது. அடுத்த வரியில் ரொசாலியா இடது காதைப் பொத்தினாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று. எனக்கு எல்லாம் சரியாகவே கேட்டது. முதல் தடவையாக ச இருந்தது.

பாட்டு முடிந்தது.

ஏதோ தவறு என்று மட்டும் புரிந்தது. வழக்கம்போலக் கேட்டேன்: "தப்பு யாருடையது?"

அதுவரை யாரும் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததில்லை. தரையைப் பார்த்தார்கள். மந்திரமூர்த்தி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கடைசியில் டெல்ஃபின் எழுந்து நின்றாள். "என் ச-தான் டீச்சர். நான் ஓவரா அழுத்திட்டேன் போல."

'உட்கார்' என்றேன். சட்டம் அதுதான். அவள் உட்கார்ந்தாள். தவறு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

வெளியே வரும்போது ஃபாதர், "திருநெல்வேலிக்கே குடுத்திருவோமா டீச்சர்?" என்றார். குருத்து ஞாயிறுக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, நாள்காட்டியைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் ரொசாலியா வந்தாள். கையில் அவள் வீட்டுக் குக்கர். என் அடுப்பில் வைத்தாள். பக்கத்தில் நின்றாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"மைனி, எத்தனை விசில் விட்டிருக்கு?"

"இன்னும் விடலை."

"நாலு."

நிமிர்ந்து பார்த்தேன். வெயிட் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஆவி அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லும் முன்பு அதை எப்படி முடிவு செய்வது?"

"அன்னைக்கு டெல்ஃபின் எந்திரிச்சு நின்னா பாத்தீங்களா. அது உங்க மேல உள்ள மரியாதை மைனி. எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

"உன் அண்ணன் இருந்திருந்தால் இப்படிப் பேச விட்டிருக்க மாட்டார்."

"அண்ணனுக்குத்தானே முதல்ல தெரியும்" என்றாள்.

அவளைப் போகச் சொன்னேன். குக்கரை வைத்துவிட்டுப் போனாள்.

பெல் அடிக்குது. குக்கர் மூணு விட்டாச்சு. பால்காரன் கூப்பிடுதான். எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்த்தேன். குறைந்தது ஒன்பது. பாட்டுக்கு நடுவில் அவர் சொறிந்த அந்தப் புருவமும்.

அவர் மேல் எனக்குக் கோபம்தான். என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் தாங்க மாட்டேன் என்று நினைத்தாரா?

கீரை அப்படியே கிடந்து வாடிவிட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

பாளையங்கோட்டைக்குத் தனியாகப் போய் வந்தேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள் ஒரு பெண். "பாட்டி, கேக்குதா?" என்றாள். டீச்சர் என்று கூப்பிடச் சொன்னேன்.

முடிவைப் படமாக வரைந்து கொடுத்தார்கள். முதல் பாதி நேர்கோடு. கனமான ஒலி இருபது வயதுப் பெண்ணுக்குக் கேட்பதுபோலக் கேட்கிறதாம். பிறகு மணப்பாட்டுக் குன்றிலிருந்து கடலுக்கு இறங்குவது போல ஒரே சரிவு. ச, ஸ, விசில், அணில் எல்லாம் அந்தச் சரிவில்தான் இருக்கின்றன.

டாக்டர் காது மெஷின் எழுதிக் கொடுத்தார். எத்தனை நாளில் பழகும் என்றேன். இரண்டு மாதம் ஆகும், பாட்டு அதில் முதலில் தகர டப்பா மாதிரி கேட்கும் என்றார். எனக்கு இருப்பது ஒன்பது நாள். "ஈஸ்டர் முடிஞ்சதும் வரேன், டாக்டர். இந்தப் படத்தை மட்டும் கொடுங்க."

பஸ்ஸில் வரும்போது அந்தப் படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வல்லநாடு தாண்டியதும் ஒன்று தோன்றியது. இந்த வடிவத்தை நான் ஸ்டூடியோவில் தினமும் பார்க்கிறேன். இது ஓர் ஈக்வலைசர். யாரோ வலது பக்கத்தை முழுக்க இறக்கி வைத்திருக்கிறார்கள்.

இறக்கியதை ஏற்றலாம்.

ஏப்ரல் 5, சனி

படத்தை மந்திரமூர்த்தியின் மேஜையில் வைத்தேன்.

"இது என் காது. பாட்டு ஸ்பீக்கருக்குப் போக ஒரு பஸ் இருக்கு. என் ஹெட்ஃபோனுக்குத் தனி பஸ் ஒண்ணு போட முடியுமா?"

"முடியும்."

"அதில் மட்டும் இந்தப் படத்தைத் தலைகீழாப் போடுங்க. எங்கே இறங்குதோ அங்கே ஏத்துங்க. பாட்டில் கை வைக்கக் கூடாது. குறை என் காதில். அதை அந்தப் பிள்ளைகள் குரலில் திருத்தினது என் தப்பு."

அவர் படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார். காது மெஷினிலும் முழுக்க ஏற்றுவதில்லை, பாதி அளவே போதும் என்று டாக்டர் சொல்லியிருந்ததைச் சொன்னேன்.

"உங்களுக்கு முன்னமே தெரியும்தானே?" என்றேன்.

"சந்தேகமா இருந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

"முப்பத்தொரு வருசம் பாட்டுச் சொல்லிக் குடுத்தவங்ககிட்ட, டயர் கடை மாடியில இருக்கவன் எப்படிச் சொல்லுவான் டீச்சர்?"

"வாயால."

சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

ஹெட்ஃபோனை மாட்டினேன். முதலில் கேட்டது பாட்டு அல்ல. பதிவின் தொடக்கத்தில் பதினாறு பேர் மூச்சு இழுக்கும் சத்தம். யாருடைய சேலையோ உரசுகிறது. ஒரு வளையல். பிறகு டெல்ஃபினின் 'சிலுவை' முள் மாதிரி வந்து குத்தியது. ஹெட்ஃபோனைப் பிய்த்து எறியத் தோன்றியது. ரொசாலியா ஏன் காதைப் பொத்தினாள் என்று புரிந்தது.

"நான் ஏத்தினதை எல்லாம் எடுங்க."

எடுத்தார். ச மெலிந்து, சரியான அளவில் நின்றது. அது ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருக்கிறது.

"என் பஸ்ஸில் போட்டதை ஒரு நிமிஷம் அணைங்க." அணைத்தார். இலுவை. வளையல் இல்லை, சேலை இல்லை, மூச்சு இல்லை. இதைத்தான் முழு உலகம் என்று வைத்துக்கொண்டு எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"போடுங்க" என்றேன். "முதல் பாட்டிலிருந்து வருவோம். டெனர் பஸ்ஸில் நான் குறைச்சதைத் தொடக் கூடாது. அது சரி."

"அது சரிதான் டீச்சர்."

ஏப்ரல் 8, செவ்வாய்

ஏழு பாட்டு முடிந்தது. ஃபாதர் மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார். ரெஸ்ட் எடுங்களேன் டீச்சர் என்றார். ஏழாம் பாட்டின் பாஸ் பஸ்ஸில் கொஞ்சம் புழுதி இருக்கிறது, நின்று கேட்கிறீர்களா என்றேன். இறங்கிப் போய்விட்டார்.

ஏப்ரல் 12, சனி

மறுபடியும் மண்டபம். அதே ஆட்கள், அதே கூம்பு ஸ்பீக்கர். நாய் வாசலில்.

எனக்கு அந்த ஸ்பீக்கரில் பாதிதான் கேட்கும். அதனால் முகங்களைப் பார்த்தேன். மூன்றாம் பாட்டு. சோப்ரானோ நுழைந்த இடத்தில் ஒரு தோளும் உயரவில்லை. ஒரு கையும் காதுக்குப் போகவில்லை. நான்கு கூட்டமும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. டெனரில் ஒருவன் தன் குரலைக் கண்டுபிடிக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். அப்படித்தான் இருக்க வேண்டும். நாய் எட்டாம் பாட்டு வரை தூங்கியது.

முடிந்ததும் கேட்டேன்: "தப்பு யாருடையது?"

தப்பே இல்லையே டீச்சர் என்றான் யாரோ.

நான் எழுந்து நின்றேன். மேஜையைப் பிடிக்கவில்லை.

"போன தடவை எந்திரிச்சு நிக்க வேண்டியது டெல்ஃபின் இல்லை. நான். என் காதுக்கு மேல்சத்தம் கேக்காது. டாக்டரைப் பார்த்தாச்சு, வேலைக்கு வழியும் கண்டுபிடிச்சாச்சு. டெல்ஃபின், உன் ச எப்பவும் இருந்தது. இருபது தடவையும் இருந்தது."

டெல்ஃபின் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள்.

"டீச்சர், உக்காருங்க, உக்காருங்க" என்றார் ஃபாதர்.

"குழுவை நடத்துறவர் சொன்னாத்தான் உக்காரணும், ஃபாதர்."

அவர் முகத்தில் குழப்பம். குழுவை நடத்துபவர் நான்தான். அதனால் நானே எனக்கு 'உட்கார்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தத் தவறு முடிந்தது.

பிறகு மற்ற காரியங்களைச் சொன்னேன். ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் திங்கள் ஆறு மணிக்குப் பயிற்சி. ரொசாலியா இனி கடைசி வரிசையில் கஸ்பார் இடத்தில் நிற்க வேண்டும். சோப்ரானோ எல்லை மீறினால் வலது புருவத்தைத் தொட வேண்டும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, எல்லாரும் பார்க்கலாம்.

"புருவம் எனக்கு அரிச்சா என்ன செய்ய மைனி?" என்றாள் ரொசாலியா.

"பொறுத்துக்கோ."

வாசலில் ஃபாதர் தொண்டையைச் செருமினார். குழு விஷயத்தைப் பேரவையில் மறுபடியும் பேச வேண்டியிருக்கும் என்றார்.

"தாராளமாப் பேசுங்க, ஃபாதர். எனக்குக் கேக்கிற மாதிரி சத்தமாப் பேசுங்க."

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஒருசந்தி நோன்பு. காலையில் கஞ்சி மட்டும். குக்கர் வைக்கவில்லை.

மூன்றரை மணியிலிருந்து வரிசையில் நின்றோம். நல்ல வெயில். முற்றத்தில் கூட்டம் தேரடி வரை போயிற்று. ஸ்பீக்கரில் மூன்றாம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

ரொசாலியா என் முழங்கையைத் தொட்டாள். குனிந்து, கஸ்பார் சொல்லும் அதே தோரணையில் சொன்னாள்: "மைனி, டெல்ஃபின் ச வருது. அளவா வருது."

"தெரியும்" என்றேன். "எவ்வளவு வரணும்னு வச்சதே நான்தான்."

வரிசை நகர்ந்தது. எட்டடி போனதும், அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டதா என்று அவளிடம் கேட்டேன்.